பழைய டீசல் பிக்கப்பில் டீசல் வரத்துக் கோளாறு: டேங்கிலிருந்து நாசில் வரை தேடும் முறை

காலையில் பலமுறை செல்ஃப் அடித்த பிறகே உயிர்பெறும் வண்டி, பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது இழுவை குறைந்து திணறும் வண்டி, முப்பது கிலோமீட்டர் ஓடியதும் தானாக அணைந்து, சற்று நேரம் நிறுத்திவைத்தால் எதுவும் நடவாததுபோல் மீண்டும் ஓடும் வண்டி ஆகிய மூன்றையும் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒருமுறையேனும் பார்த்திருப்பார்கள். இவற்றில் எந்தக் குறையைச் சொன்னாலும் பல பட்டறைகளில் முதலில் கழற்றப்படுவது டீசல் பம்புதான் (இன்ஜெக்ஷன் பம்பு). ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் சென்றுகொண்டிருந்த எங்கள் வண்டியிலும் அதுவே நடந்தது. பம்பு இரண்டு முறை கழற்றப்பட்டு, கேலிபரேஷன் (டீசல் அளவைச் சரிபார்த்து அமைப்பது) செய்யப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டது. இரண்டு முறையும் பத்து நாளுக்குள் அதே கோளாறு திரும்பியது. டேங்குக்கு மேலே, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் ஒன்று, கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்ததுதான் உண்மைக் காரணம். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றே: டீசல் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாகத் தேட வேண்டும், பம்பைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயில் டீசலைத் தேக்கித் தரும் புதிய முறை) வருவதற்கு முந்தைய, இயந்திர முறையில் இயங்கும் இன்ஜெக்ஷன் பம்பு உள்ள வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். மகிந்திராவின் 2523 சி.சி. டிஐ இன்ஜின் கொண்ட பழைய பிக்கப், டாடா 207 வகையின் பழைய வண்டிகள், இலங்கையில் பலர் இன்னும் வைத்திருக்கும் 2446 சி.சி. 2எல் அல்லது 2779 சி.சி. 3எல் இன்ஜின் ஹைலக்ஸ் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. காமன் ரெயில் வண்டியில் குழாய்களுக்குள் 1000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும் என்பதால், இன்ஜின் ஓடும்போது நாசிலின் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் உறுப்பு) நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கத்தை அங்கே ஒருபோதும் செய்யக் கூடாது.

பழைய வண்டியிலும் எச்சரிக்கை தேவைதான். நாசில் திறப்பதற்கே வண்டிக்கு ஏற்ப ஏறத்தாழ 100 முதல் 250 பார் வரை அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்தது போன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது; ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும் என்பதால், அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே இறங்கியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடும்போது விரலுக்குப் பதில் ஓர் அட்டைத் துண்டை நீட்டுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

முதலில் புகையைப் பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு, ஒருவரை உட்காரவைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, சைலன்சர் வாயைப் பார்த்து நில்லுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம்; அடுத்த முறைக்கு முன்பு அரை நிமிடமாவது விட்டால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் பிழைக்கும். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால், சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை என்று பொருள். இந்தக் கட்டுரையின் வேலை அங்கிருந்து தொடங்குகிறது. வெள்ளைப் புகை கொத்தாக வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமே தவிர டேங்கையும் ஃபில்டரையும் கழற்றுவதில் பயனில்லை. ஓடும்போது கரும்புகை தள்ளினால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது நாசில் பொடியாகத் தூவாமல் சொட்டுச்சொட்டாக ஒழுகலாம்.

இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் தொடங்கும் வேலை பெரும்பாலும் வீண்வேலையாகிவிடுகிறது.

டேங்கும் அதன் மூடியும்

சிறிது தூரம் ஓடியதும் அணைந்து, சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடும் வண்டியில் நான் முதலில் தொடுவது டேங்க் மூடியைத்தான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும்; மூடியிலுள்ள காற்றுத் துளை புழுதியால் அடைந்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் ஏறாது. வண்டி அணைந்த உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் ஒலி கேட்டு, அதன் பிறகு வண்டி ஓடினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. சாவி தொலைந்ததால் வேறு வண்டியின் மூடியை மாட்டி ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மூடியில் காற்றுத் துளையே இல்லாமலும் இருக்கலாம்.

மூடி சரியாக இருந்தால், அடுத்தது டேங்கின் உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள வலைச் சல்லடை. இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடித்து உதிரும். டேங்கைப் பாதிக்கும் கீழே வைத்தே ஓட்டும் வண்டியில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். டீசலைவிடக் கனமான அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பழுப்பான வழவழப்பை உண்டாக்கும். இந்தக் குழம்பு சல்லடையில் ஒட்டிக்கொண்டால், இன்ஜின் ஓடும்வரை உறிஞ்சும் விசையில் அது அடைத்து நிற்கும், இன்ஜின் நின்றதும் மெதுவாக விலகி வழிவிடும். அதனால்தான் மூடி அடைப்பும் சல்லடை அடைப்பும் ஒரே மாதிரி தோன்றுகின்றன. டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபில்டர் பக்கம் கழற்றி, சைக்கிள் பம்பால் டேங்கை நோக்கி மெதுவாகக் காற்றடித்தால், மூடி திறந்த டேங்குக்குள் குமிழி எழும் ஒலி தடையின்றிக் கேட்க வேண்டும். காற்று அடைபட்டு நின்று, பிறகு சட்டென்று விட்டால் சல்லடை அடைத்திருக்கிறது. காற்றடித்து விடுவதால் அது அன்றைக்குத் தீரும், அவ்வளவுதான். டேங்கை இறக்கிக் கழுவினால்தான் நிலையாகத் தீரும்.

உள்ளே நுழையும் காற்று

பழைய டீசல் வண்டியில் மிக அதிகமாகத் தொல்லை தருவதும், மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்து இன்ஜெக்ஷன் பம்புக்கு அனுப்பும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே அங்கே ஒரு வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, வெளிக்காற்று உள்ளே போகும். கசிவு என்றால் ஈரம் தெரியும் என்று நினைத்துத் தேடுபவருக்கு உலர்ந்து சுத்தமாக இருக்கும் அந்த மூட்டின் மீது சந்தேகமே வராது. ஃபீட் பம்புக்குப் பிறகுள்ள பகுதியில்தான் டீசல் வெளியே கசியும்.

வண்டியில் தனி ஃபீட் பம்பு இருக்கிறதா என்பதையும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். வரிசைப் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் வரிசையாக உள்ள இன்ஜெக்ஷன் பம்பு) உள்ள இன்ஜினில் அதன் பக்கவாட்டிலேயே ஃபீட் பம்பும், கையால் அழுத்தி டீசலை ஏற்றும் கை பிரைமரும் அமைந்திருக்கும். விஇ வகை ரோட்டரி பம்பு (ஒரே பிளஞ்சர் சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துத் தரும் வகை) உள்ள வண்டிகளில் பெரும்பாலும் தனி ஃபீட் பம்பு இருக்காது. பம்புக்குள் இருக்கும் சிறகுப் பம்பே டேங்கிலிருந்து இழுத்துக்கொள்ளும், கை பிரைமர் ஃபில்டரின் தலையில் இருக்கும். அத்தகைய வண்டியில் டேங்கிலிருந்து பம்பின் நுழைவாய் வரை, ஃபில்டரும் உட்பட, முழுவதுமே உறிஞ்சும் பகுதி. ஃபில்டரின் ரப்பர் வளையம், அடியிலுள்ள தண்ணீர் வடிக்கும் திருகு, தண்ணீர் சென்சாரின் ஓ-ரிங், பிரைமரின் ரப்பர்த் தகடு ஆகிய ஒவ்வொன்றும் காற்று நுழையும் வாசலாக முடியும்.

காற்று நுழைகிறதா என்பதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாயை அரை அடி வாங்கி, பம்பின் நுழைவாய்க்கு முன்னால் வழக்கமான ஹோஸுக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பொருத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். தொடங்கியதும் சில குமிழிகள் போவது இயல்பு. இரண்டு மூன்று நிமிடத்துக்குப் பிறகும் குமிழிகள் தொடர்ந்தால், அல்லது வேகத்தைக் கூட்டும்போது நுரைபோல வந்தால், காற்று எங்கோ நுழைகிறது. இதே குழாயை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பொருத்துங்கள். அங்கே குமிழி இல்லாமல், ஃபில்டருக்குப் பின்னால் மட்டும் இருந்தால் ஃபில்டரின் தலையோ வளையமோ காரணம். இரண்டு இடத்திலும் இருந்தால் டேங்கின் பக்கம் போக வேண்டும். இப்படி ஒவ்வொரு மூட்டாகப் பின்னோக்கி நகர்ந்தால் இடம் தானாக அகப்படும்.

உலர்ந்திருக்கும் கசிவை ஈரமாக்கிக் காட்டும் இன்னொரு வழியும் உண்டு. உறிஞ்சும் குழாயை டேங்க் முனையில் கழற்றி, அந்தக் குழாய்க்குள் டீசல் நிறைந்திருக்கும் நிலையில், சைக்கிள் பம்பால் மிக மெல்லிய அழுத்தம் கொடுத்தால், காற்று நுழைந்த அதே துளையில் டீசல் வெளியே துளிர்க்கும். கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதன் அழுத்தம் ரப்பர்களைக் கெடுத்துவிடும்.

காலையில் மட்டும் அடம்பிடித்து, பகலெல்லாம் நன்றாக ஓடும் வண்டியில் காரணம் பெரும்பாலும் இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுவதுதான். செல்ஃப் அடிப்பதற்கு முன்பு கை பிரைமரை அழுத்திப் பாருங்கள். நான்கைந்து அழுத்தத்தில் இறுகினால் குழாய் நிறைந்திருக்கிறது. இருபது முப்பது முறை அழுத்திய பிறகே இறுகி, அதன் பின் வண்டி உடனே பிடித்தால், குழாய் இரவில் காலியாகியிருக்கிறது. இங்கே உறிஞ்சும் பக்கத்தோடு சேர்த்து, நாசில்களின் தலையை இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களையும் பாருங்கள். நூல் சுற்றிய அந்த ஹோஸ்கள் வெப்பத்தில் காய்ந்து வெடிக்கும். இன்ஜின் ஓடும்போது லேசாகக் கசிவதும், நின்ற பிறகு காற்றை உள்ளே விடுவதும் அவைதான். விலையும் சொற்பம் என்பதால் ஐயம் வந்தாலே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

மூட்டுகளைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் காப்பர் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கிடைக்காத இடத்தில், பழைய வாஷரைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் மென்மையாகி ஒருமுறை கைகொடுக்கும். விஇ பம்பில் இன்னொரு கவனமும் வேண்டும். ரிட்டர்ன் குழாயைப் பிடிக்கும் பாஞ்சோ போல்ட்டின் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) தலையில் 'அவுட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதற்குள் மிகச் சிறிய துளை இருக்கிறது, பம்பின் உள்ளழுத்தத்தைக் காப்பது அந்தத் துளைதான். நுழைவாய்ப் போல்ட்டும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். இரண்டும் இடம் மாறினால் பம்புக்குள் டீசல் வருவதும் குறையும், உள்ளழுத்தமும் கெடும். பம்பு போய்விட்டது என்று சத்தியம் செய்யும் அளவுக்கு வண்டி மோசமாக ஓடும்.

கேன் வைத்துப் பார்த்தல்

எங்கே தொடங்குவது என்றே தெரியாத நிலையில், ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசலை ஊற்றி, பம்பைவிட உயரமான இடத்தில் அசையாமல் கட்டிவைத்து, அதிலிருந்து புதிய ஹோஸ் மூலம் நேராக ஃபில்டருக்கு டீசல் கொடுங்கள். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். வண்டி நன்றாக ஓடினால் கோளாறு டேங்க், அதன் சல்லடை, கீழே ஓடும் குழாய்கள் ஆகியவற்றுக்குள் அடங்கிவிட்டது. மாற்றம் இல்லை என்றால் ஃபில்டரையும் தவிர்த்து நேராகப் பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள். இன்ஜினின் வெப்பமான பாகங்களின் மீது கேனோ ஹோஸோ படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனை, பம்பைக் கழற்றும் செலவை எத்தனையோ பேருக்கு மிச்சப்படுத்தும்.

ஃபில்டரும் ஃபீட் பம்பும்

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐடிலில் நன்றாக நின்று, பாரத்தில் மட்டும் இழுவை குறைந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதுதான். காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். துளைகள் கிழிந்து, தடுக்க வேண்டிய தூசியெல்லாம் பம்புக்குப் போகும். அடியிலுள்ள திருகைத் திறந்து வாரம் ஒருமுறை தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார்த்தால், டேங்கின் உள்நிலை எப்படியிருக்கிறது என்பது வண்டியைத் தொடாமலே தெரிந்துவிடும்.

வரிசைப் பம்பு உள்ளவர்கள், ஃபீட் பம்பின் நுழைவாயில் இருக்கும் சிறிய வலை ஃபில்டரை மறந்துவிடுகிறார்கள். பெரிய ஃபில்டர்கள் இரண்டையும் மாற்றிய பிறகும் இழுவை வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்த வலைதான் துருவால் மூடியிருக்கும். அதைச் சுத்தம் செய்த பின், ஃபீட் பம்பின் வெளிவாய்க் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்தால், டீசல் துடிப்புத் துடிப்பாக, வலுவாக வர வேண்டும். மந்தமாக வழிந்தால் அதன் வால்வுகளும் ஸ்பிரிங்கும் தேய்ந்திருக்கின்றன. பிரைமரின் பிடியை அழுத்தி முடித்ததும் திருகிப் பூட்ட மறந்தாலும் காற்று நுழையும். இன்ஜின் ஆயிலின் மட்டம் ஊற்றாமலே கூடிவந்தால், ஃபீட் பம்பின் தண்டு வழியாகவோ பம்பின் உள்ளேயோ டீசல் ஆயிலில் கலக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும் என்பதால், அந்த வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

காற்றை வெளியேற்றுதல்

மேலே சொன்ன எதைக் கழற்றினாலும் இறுதியில் ஏர் எடுத்தாக வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வழியும்வரை பிரைமரை அழுத்தி, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். வரிசைப் பம்பானால் அதன் உடலிலுள்ள திருகிலும், ரோட்டரி பம்பானால் நுழைவாயின் பாஞ்சோ போல்ட்டிலும் இதையே செய்யுங்கள். பிறகு நாசில் பக்கத்தில் உயர் அழுத்தக் குழாய்களின் நட்டுகளை, பெரும்பாலான வண்டிகளில் 17 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும், அரைச் சுற்றுத் தளர்த்தி, அவற்றின் மீது ஒரு துணியைப் போர்த்திச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாக் குழாயிலும் டீசல் துளிர்த்த பிறகு இறுக்கினால் வண்டி பிடித்துவிடும். தள்ளியோ வேறு வண்டியில் கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்வதைவிட இது மெதுவான வேலைதான். ஆனால் காய்ந்த பம்பைச் சுற்றவைத்துத் தேய்க்காத வேலை.

ஏர் எடுத்தும் நாசில் குழாயில் ஒரு துளிகூட வரவில்லை என்றால், பம்பைக் குறை சொல்வதற்கு முன் அதை நிறுத்தும் அமைப்பைப் பாருங்கள். ரோட்டரி பம்பில் நிறுத்தும் சொலினாய்டு (மின்சாரம் வந்தால் டீசல் வழியைத் திறக்கும் வால்வு) இருக்கிறது; சாவியைத் திருப்பும்போது அதிலிருந்து 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் விளக்கால் பாருங்கள். மின்சாரம் வந்தும் ஒலி இல்லை என்றால் சொலினாய்டு பழுது; மின்சாரமே வரவில்லை என்றால் ஃபியூஸும் ஒயரும் காரணம். நிறுத்தும் கேபிள் உள்ள வண்டியில், துருப்பிடித்த கேபிள் முழுமையாகத் திரும்பாமல் லீவரைப் பாதி இழுத்தபடியே வைத்திருக்கும். பம்பின் பக்கம் கையால் லீவரைத் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

நாசிலும் பம்பும்

வண்டி ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங் இருக்கிறது என்றால், ஐடிலில் ஓடவிட்டு நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் தெரியாத சிலிண்டரின் நாசிலைத்தான் கழற்ற வேண்டும். அந்த நாசிலை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்தால், பழுது நாசிலிலா கம்ப்ரஷனிலா என்பதும் விளங்கும். திறக்கும் அழுத்தத்தையும் தூவும் விதத்தையும் டெஸ்டரில் வைத்துப் பார்ப்பது பம்புப் பட்டறையின் வேலை. வீட்டில் நாசிலைப் பிரிக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் பம்பு. ரோட்டரி பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் கிடையாது. வரிசைப் பம்பின் கேம் பகுதிக்கு மட்டும் தனி எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ உண்டு. இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் டீசலிலுள்ள கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்குக் குறைக்கப்பட்டது; கந்தகத்தை நீக்கும் முறையால் குறையும் வழவழப்பைச் சுத்திகரிப்பு நிலையங்களே சேர்மங்கள் கலந்து ஈடுசெய்கின்றன. ஆகவே நல்ல பங்கில் வாங்கும் டீசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் கலந்த மலிவு டீசல்தான் ரோட்டரி பம்பைக் கொல்லும். குளிர்ந்த நிலையில் உடனே பிடித்து, சூடாக நிறுத்தினால் மட்டும் பிடிக்காத வண்டியில், நனைத்த துணியைப் பம்பின் மீது சுற்றிப் பத்து நிமிடம் குளிரவைத்துப் பாருங்கள். அதன் பிறகு பிடித்தால், பம்பின் ஹெட்டும் பிளஞ்சரும் தேய்ந்து, சூட்டில் இளகிய டீசல் உள்ளேயே நழுவுகிறது. அப்போது பம்பைக் கழற்றுவது நியாயம். அந்த இன்ஜினுக்குரிய அளவுகளை வைத்து பெஞ்சில் கேலிபரேஷன் செய்யும் இடத்தில் மட்டும் கொடுங்கள். இழுவைக்காக டீசல் திருகைக் கூட்டிவிடுகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், ஏனென்றால் கரும்புகையும் சூடான இன்ஜினும்தான் அதற்குக் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் கழற்றிய எல்லா மூட்டுகளையும் துணியால் உலரத் துடைத்துவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, இன்ஜினை அணைத்து ஈரம் தேடுங்கள். மறுநாள் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்பு பிரைமரை அழுத்தி, எத்தனை அழுத்தத்தில் இறுகுகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள்.